முன்பாரமா, பின்பாரமா? ரிமோட் விமானத்தின் எடைமையம்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊரில் ஒரு கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், உண்டு. தை மாதம், காலை ஆறரை மணி. காற்று அசையவில்லை. கொழுக்கட்டைப் புல் காய்ந்து மெத்தை மாதிரிக் கிடந்தது. வாலை ஒட்டிச் சரிசெய்திருந்த என் விமானத்தைக் கையில் பிடித்து, மோட்டாரை முக்கால்வாசிக்கு ஏற்றி வீசினேன். அது முன்னால் போகவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியது. தென்னை உயரத்தில் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு இடது இறக்கை சாய்ந்து கிளுவை வேலிக்குள் தலைகுப்புற விழுந்தது. மூக்கை இறக்குவதற்காக ரிமோட்டின் குச்சியை முழுக்க முன்னால் தள்ளிப் பார்த்தேன், கேட்கவே இல்லை.

அப்புச்சிதான் வேலியிலிருந்து எடுத்து வந்தார். என்னிடம் கொடுப்பதற்கு முன் இரண்டு கைகளையும் இறக்கைக்கு அடியில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். வால் சரேலென்று கீழே இறங்கியது. “ஏங் கண்ணு, பின்பாரம் ஏத்துன வண்டியாட்ட இருக்குதே” என்றார்.

அவர் விமானத்தைப் பற்றிப் படித்தவரில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் மாட்டுவண்டி ஓட்டியவர். அன்றைக்கு அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை விரித்து எழுதுவதுதான் இந்தக் கட்டுரை. ரிமோட் விமானம் செய்ய ஆசைப்பட்டு வருகிற தம்பி தங்கைகள் முதலில் கேட்பது எந்த மோட்டார், எத்தனை செல் பேட்டரி, எவ்வளவு வேகம் போகும் என்றுதான். நான் முதலில் சொல்லிக்கொடுப்பது எடைமையத்தைப் பற்றி. பறக்கவிடுகிறவர்கள் இதைச் சுருக்கமாக சிஜி (சென்டர் ஆஃப் கிராவிட்டி) என்பார்கள். மோட்டார் கொஞ்சம் சின்னதாகப் போனால் விமானம் மெதுவாகப் பறக்கும். எடைமையம் தப்பினால் பறக்கவே பறக்காது.

முதலில் வண்டியைப் பார்ப்போம். மாட்டுவண்டிக்கு இரண்டு சக்கரம்தான். மூட்டைகளின் எடை முழுக்க, சக்கரங்களை இணைக்கும் இருசுக்கட்டையின் மேல் உட்கார வேண்டும். மூட்டை முன்னால் அதிகமாகிவிட்டால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், அது முன்பாரம். பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பும், மாட்டை நுகத்தடியோடு பிணைக்கும் பூட்டாங்கயிறு அதன் தொண்டையை நெரிக்கும், அது பின்பாரம். நன்றாக வண்டி ஓட்டுகிறவர் மூட்டைகளை ஏற்றியதும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். லேசான கனம் கைக்குத் தெரிய வேண்டும். கனமே இல்லாமல் இருந்தாலும் ஆகாது, ஏனென்றால் மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் சரிந்து பின்பாரமாகிவிடும். அதனால் கொஞ்சம் முன்பாரம் வைத்தே கட்டுவார்கள். மேட்டில் ஓட்டுகிறவர் முன்னால் நகர்ந்து உட்காருவார், இறக்கத்தில் பின்னால் தள்ளி உட்காருவார்.

விமானத்தில் இருசுக்கட்டையின் வேலையைச் செய்வது இறக்கை. மொத்த எடையும் இறக்கை தரும் தூக்குவிசையில்தான் தொங்குகிறது. மோட்டார், பேட்டரி, ரிமோட்டின் சைகையை வாங்கும் ரிசீவர், இறக்கையிலும் வாலிலும் உள்ள மடல்களை அசைக்கும் சர்வோக்கள், வால் எல்லாம் தனித்தனி மூட்டைகள். இவை அத்தனையும் சேர்ந்து எந்தப் புள்ளியில் நிறுத்தினால் விமானம் சாயாமல் நிற்குமோ அந்தப் புள்ளிதான் எடைமையம்.

சரி, அந்தப் புள்ளி எங்கே இருக்க வேண்டும்? சாதாரணமாக, பின்னால் வால் உள்ள, நேரான இறக்கை கொண்ட பழகுநர் விமானத்துக்கு விடை எளிது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். இதை இறக்கையின் அகலம் என்று வைத்துக்கொள்வோம். முன்விளிம்பிலிருந்து அந்த அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் எடைமையம் விழ வேண்டும். என் விமானத்தின் இறக்கை அகலம் 20 செ.மீ. அப்படியானால் முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ.க்கும் 6 செ.மீ.க்கும் நடுவில். முதல் தடவை பறக்கவிடுகிறவர்கள் 25 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். பழகிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் கொண்டுபோகலாம்.

ஒரு சென்டிமீட்டருக்குள் என்ன அப்படி வந்துவிடப் போகிறது என்று எனக்கும் முதலில் தோன்றியது. காரணம் புரிந்த பிறகுதான் ஸ்கேலை எடுத்து அளக்கும் பழக்கம் வந்தது.

கட்டடங்களின் உச்சியில் காற்றின் திசை காட்டும் சேவல் தகட்டைப் பார்த்திருப்பீர்கள். அச்சுக்குப் பின்னால் தகடு பெரிதாக இருக்கும். காற்று ஒரு பக்கமாக அடித்ததும் பின்பக்கத் தகட்டைத் தள்ளி, மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பிவிடும். விமானம் காற்றில் தன் எடைமையத்தைச் சுற்றித்தான் திரும்புகிறது, அதாவது எடைமையம்தான் அதன் அச்சு. பறக்கும்போது கீழிருந்து ஒரு காற்று மோதி மூக்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டது என்று வையுங்கள். உடனே இறக்கையிலும் வாலிலும் தூக்குவிசை கூடும். கூடிய அந்த விசை முழுவதும் ஒரு புள்ளியில் வேலை செய்வதாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தப் புள்ளிக்கு நடுநிலைப் புள்ளி என்று பெயர். அது எடைமையத்துக்குப் பின்னால் இருந்தால், கூடிய விசை வால் பக்கத்தைத் தூக்கும், மூக்கு தானாக இறங்கிப் பழைய நிலைக்கு வரும். நீங்கள் குச்சியைத் தொடவே வேண்டாம்.

எடைமையம் பின்னால் நகர்ந்து நடுநிலைப் புள்ளியையும் தாண்டிவிட்டால் கதை தலைகீழ். இப்போது கூடிய விசை அச்சுக்கு முன்னால் விழுகிறது. மூக்கு இன்னும் மேலே போகும். மூக்கு மேலே போகப் போக விசை இன்னும் கூடும், அதனால் மூக்கு இன்னும் ஏறும். கண்ணை மூடித் திறப்பதற்குள் விமானம் செங்குத்தாகி, வேகம் இழந்து விழுந்துவிடும். அந்தத் தை மாதக் காலையில் நடந்தது இதுதான்.

வால் எதற்கு இருக்கிறது என்பதும் இதிலேயே விளங்கிவிடும். வெறும் இறக்கையை மட்டும் எடுத்தால் அதன் நடுநிலைப் புள்ளி ஏறக்குறைய 25 சதவீதத்திலேயே இருக்கும். பின்னால் ஒரு வாலை வைத்ததும் அந்தப் புள்ளி பின்னுக்கு நகர்ந்துவிடும். வால் பெரிதாக இருந்தால், அல்லது உடம்பு நீளமாக இருந்து வால் தூரத்தில் இருந்தால், இன்னும் பின்னால் போகும். எடைமையத்துக்கும் நடுநிலைப் புள்ளிக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் விமானத்தின் நிதானம். ‘அழகாக இருக்கும்’ என்று வாலைச் சின்னதாக வெட்டுகிறவர்கள் அந்த இடைவெளியைத்தான் வெட்டுகிறார்கள். அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1804-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் கேலி என்பவர் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஒரு மாதிரி விமானம் செய்தார். ஒரு கம்பு, அதன் மேல் காற்றாடி போன்ற ஒரு இறக்கை, பின்னால் திருப்பக்கூடிய வால், முன்னால் நகர்த்தக்கூடிய ஒரு எடை. மனிதன் மோட்டார் விமானத்தில் ஏறிப் பறப்பதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்பே, எடையை நகர்த்தி வைத்துப் பார்க்க வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. ரைட் சகோதரர்களும் 1904-ல் தங்கள் இரண்டாவது விமானம் மேலும் கீழும் அலைபாய்ந்தபோது, அதன் முன்பக்கத்தில் இரும்பைக் கட்டித்தான் அதைக் கொஞ்சம் அடக்கினார்கள்.

இனி என் விமானத்தின் கணக்கு. ஃபோம் போர்டில் செய்தது, இறக்கையின் நீளம் 120 செ.மீ. மூக்கில் 2212 அளவு பிரஷ்லெஸ் மோட்டார், 3 செல் 2200 எம்ஏஎச் லைப்போ பேட்டரி, 9 கிராம் சர்வோ நான்கு. எல்லாம் சேர்த்து 800 கிராம். எடைமையம் சரியாக 6 செ.மீ.யில் இருந்தது, மாதக்கணக்கில் நன்றாகப் பறந்தது. அப்புறம் ஒரு நாள் தரையில் இறங்கும்போது வால் முறிந்தது. க்ளூ கன் வைத்து, உடைந்த இடத்தைச் சுற்றிலும் தாராளமாகப் பூசினேன். பிறகு நகைத் தராசில் வைத்துப் பார்த்தபோது 18 கிராம் கூடியிருந்தது. அந்த இடம் எடைமையத்துக்கு 45 செ.மீ. பின்னால்.

இங்கேதான் நெம்புகோல் கணக்கு வருகிறது. எடையைத் தூரத்தால் பெருக்க வேண்டும். 18 கிராம் பெருக்கல் 45 செ.மீ., 810. இதை மொத்த எடையான 818 கிராமால் வகுத்தால் கிட்டத்தட்ட 1 செ.மீ. ஒட்டிய பசை மட்டுமே எடைமையத்தை 6-லிருந்து 7 செ.மீ.க்குத் தள்ளிவிட்டது.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடத் தப்பியிருக்கலாம். ‘எடை கூடிவிட்டதே, பேட்டரியையாவது சின்னதாகப் போடுவோம்’ என்று 180 கிராம் பேட்டரியை எடுத்துவிட்டு 115 கிராமில் ஒரு 1300 எம்ஏஎச் பேட்டரியை அதே இடத்தில் வைத்தேன். பேட்டரி இருக்கும் இடம் எடைமையத்துக்கு 12 செ.மீ. முன்னால். அங்கே 65 கிராம் குறைந்தது, 65 பெருக்கல் 12, 780. முன்னால் குறைவதும் பின்னால் கூடுவதும் ஒரே பக்கத்துக்குத்தான் தள்ளும். இரண்டையும் கூட்டினால் 1590. மொத்த எடை இப்போது 753 கிராம். வகுத்தால் 2.1 செ.மீ. எடைமையம் 8.1 செ.மீ.யில் போய் நின்றது. இறக்கை அகலத்தில் 40 சதவீதம். எடையைக் குறைத்துவிட்டோம் என்ற திருப்தியோடு வீசிய விமானம் அது.

மாற்றங்கள் செய்யும்போது எல்லோரும் எடை எவ்வளவு கூடியது என்று பார்ப்பார்கள். அது எந்த இடத்தில் கூடியது என்பது அதைவிட முக்கியம். எடைமையத்துக்கு நேர் அடியில் 50 கிராம் கேமரா வைத்தால் எடைமையம் முன்னாலோ பின்னாலோ அசையாது. வால் நுனியில் இரவு வெளிச்சத்துக்காக எல்.இ.டி. பட்டையும் ஒயரும் ஒட்டினால் பத்து கிராம்கூடத் தொந்தரவு தரும். வாலுக்கான சர்வோக்களை நடுவிலிருந்து எடுத்து வாலிலேயே பொருத்துவதும் அப்படித்தான், இரண்டு சர்வோ சேர்ந்து 18 கிராம், நான் பூசிய பசைக்குச் சமம். பெரிய மோட்டார் போட்டால் மூக்கு கனக்கும். வாலுக்குப் பெயின்ட் அடிப்பதுகூடக் கணக்கில் வரும்.

சரிசெய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பேட்டரியை நகர்த்திப் பாருங்கள். விமானத்தில் மிகக் கனமான மூட்டை அதுதான், காசும் செலவில்லை. நான் பழைய 180 கிராம் பேட்டரியையே திரும்பப் போட்டு, 810-ஐ 180-ஆல் வகுத்து, நாலரை செ.மீ. முன்னால் நகர்த்தினேன். எடைமையம் பழைய 6 செ.மீ.க்கு வந்துவிட்டது. பேட்டரிக்கு இடம் இல்லை என்றால் ரிசீவரையும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.யையும் முன்னால் கொண்டுபோகலாம். வாலில் தேவையில்லாத பசையைச் சுரண்டி எடுக்கலாம். இவை எதுவும் போதவில்லை என்றால்தான் ஈயம். மூக்கு நுனி எடைமையத்துக்கு 20 செ.மீ. முன்னால் என்றால், வாலில் கூடிய 18 கிராமுக்கு மூக்கில் 40 கிராம் ஈயம் வைக்க வேண்டியிருக்கும். கார் டயர் கடைகளில் வீல் பேலன்ஸ் செய்ய 5 கிராம், 10 கிராமில் ஒட்டும் எடைகள் வைத்திருப்பார்கள், அவை இந்த வேலைக்கு மிகவும் தோது. புதிதாக விமானம் கட்டுகிறவர்கள் ஆரம்பத்திலேயே வாலை லேசாகச் செய்துவிட்டால் ஈயத்துக்கே வேலை இருக்காது. நான் இப்போதெல்லாம் விளம்பரப் பலகைக்கு வைக்கும் சன்பேக் பிளாஸ்டிக் ஷீட்டை உடம்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு வாலைத் தெர்மாகோலிலோ மெல்லிய ஃபோமிலோ வெட்டுகிறேன். தெர்மாகோலில் ஃபெவிக்விக் மட்டும் படக்கூடாது, கரைந்து குழியாகிவிடும். வெள்ளை ஃபெவிகால் காய ஒரு இரவு ஆகும், ஆனால் லேசாக நிற்கும்.

அளப்பது எப்படி? விமானம் பறக்கப் போகும் கோலத்திலேயே இருக்க வேண்டும். பேட்டரி உள்ளே, புரொப்பல்லர் மாட்டி, மேல்மூடியை மூடி, எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் அளக்க வேண்டும். பேட்டரியின் ஒயரை மட்டும் மோட்டார் பக்கம் இணைக்காதீர்கள், கை புரொப்பல்லர் பக்கத்தில் இருக்கும். இறக்கையின் அடியில், உடம்புக்கு இரண்டு பக்கமும், முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ.யில் ஒரு கோடும் 6 செ.மீ.யில் ஒரு கோடும் ஸ்கெட்ச் பேனாவால் போடுங்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கோட்டில் வைத்துத் தூக்குங்கள். மட்டமாக நின்றால் எடைமையம் அங்கேதான். மூக்கு லேசாக, ஒரு மூட்டை முன்பாரம் வைத்த மாதிரி, கீழே சாய்ந்திருந்தால் இன்னும் நல்லது. 6 செ.மீ. கோட்டிலேயே வால் இறங்கினால் அன்றைக்கு வீசக்கூடாது. விரல் நடுங்கும் என்பவர்கள் ஒரு பலகையில் இரண்டு பென்சிலைச் செங்குத்தாக நட்டு, ரப்பர் முனை மேலே இருக்கும்படி வைத்து, அதன் மேல் வைத்துப் பார்க்கலாம். இறக்கை உடம்புக்குக் கீழே இருக்கும் விமானமென்றால் கவிழ்த்துப் போட்டு அளப்பது சுலபம். எண்ணெயில் ஓடும் எஞ்சின் விமானத்துக்கு டேங்க் காலியாக இருக்கும்போது அளக்க வேண்டும். டேங்க் பெரும்பாலும் முன்னால் இருக்கும், பறக்கப் பறக்க அந்த மூட்டை கரைந்துகொண்டே போகும்.

இறக்கை நுனிப்பக்கம் குறுகிப் போயிருந்தால் உடம்பை ஒட்டிய இடத்து அகலத்தை வைத்துக் கணக்குப் போடக்கூடாது, சராசரி அகலம் வேண்டும். வால் இல்லாத பறக்கும் இறக்கை வகைக்கு 25 சதவீதம் பொருந்தாது. பின்னால் தாங்க வால் இல்லாததால் எடைமையம் இன்னும் முன்னால், சராசரி அகலத்தில் 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதைக் கொஞ்சம் பழகிய பிறகு தொடலாம்.

மேஜையில் சரியாக நின்றதும் காட்டுக்குப் போங்கள். மோட்டாரை நிறுத்தி வைத்து, வாலில் மேலும் கீழும் அசையும் மடலான எலிவேட்டர் மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புல் தரையில், காற்றுக்கு எதிராக, தோள் உயரத்திலிருந்து மட்டமாக வீசுங்கள். பத்துப் பன்னிரண்டு மீட்டர் மெதுவாகச் சறுக்கிப் போய்ப் புல்லில் உட்கார்ந்தால் சரி. வீசியதும் மூக்கு குத்தினால் முன்பாரம் அதிகம். முதலில் எழும்பி, தயங்கி, அப்புறம் விழுந்தால் பின்பாரம். பேட்டரியை ஒரு விரற்கடை நகர்த்தி மறுபடி வீசுங்கள். இதற்கே ஒரு காலைப்பொழுதைச் செலவழித்தாலும் தகும்.

மேலே பறக்கும்போதும் விமானம் பேசும். முன்பாரம் அதிகமானால் குச்சியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், தரையில் இறங்கும்போது வேகமாக வரும், மூக்கு குத்தி புரொப்பல்லர் உடையும். சிரமம்தான், ஆனாலும் வீட்டுக்கு எடுத்து வரலாம். பின்பாரமானால் குச்சியைத் தொட்டால் போதும், துள்ளும். ஒரு நொடி கண்ணை எடுக்க முடியாது. ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மோட்டாரை ஏற்றும்போது மட்டும் மூக்கு மேலே போய், மோட்டாரை நிறுத்தினால் அழகாகச் சறுக்கி வந்தால் எடைமையத்தில் குற்றமில்லை. மோட்டாரைக் கீழ்நோக்கி இரண்டு மூன்று டிகிரி சாய்த்துப் பொருத்தினால் சரியாகிவிடும்.

நேரமும் இடமும் கொங்கில் நமக்குச் சாதகம்தான், பார்த்துத் தேர்ந்தெடுத்தால். வைகாசி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து மேல்காற்று திறந்துவிடும். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். ஆடியில் எடைமையத்தைச் சோதிக்கவே முடியாது, விமானம் துள்ளியது காற்றாலா பாரத்தாலா என்று தெரியாது. தை, மாசியில் விடிகாலை நல்லது. கொறங்காட்டுப் புல் விழுகிற விமானத்தைத் தாங்கும். வெள்வேலமரங்களும் கிளுவை வேலியும் தள்ளி இருக்கும் மூலையாகப் பார்த்து, காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மாடு மேயாத நேரத்தில் விடுங்கள். போவதற்கு முன், எங்கே ட்ரோன் பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்க்க வேண்டும். 2021 ட்ரோன் விதிகள் நம் விமானங்களுக்கும் பொருந்தும். பீளமேடு விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம், ஓமலூர் பக்கம் சேலம் விமான நிலையம், இவற்றின் அருகில் வீட்டு மொட்டை மாடியிலிருந்துகூடப் பறக்கவிடக் கூடாது.

அந்த விமானம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மாசியில் மறுபடி அதே காட்டில் விட்டேன். வீசுவதற்கு முன் அப்புச்சியிடம் நீட்டினேன். இறக்கைக்கு அடியில் கோடு போட்ட இடத்தில் விரல்களை வைத்துத் தூக்கினார். மூக்கு துளி இறங்கி நின்றது. “இப்ப உடு கண்ணு” என்றார். எட்டு நிமிஷம் பறந்து, புல்லில் சறுக்கி, எங்கள் காலடிக்கு முன்னால் வந்து நின்றது. பேட்டரி இருந்த இடத்தின் இரண்டு ஓரத்திலும் ஸ்கெட்ச் பேனாவால் கோடு கிழித்து, பக்கத்தில் ‘180 கிராம்’ என்று எழுதி வைத்தேன்.